ஐ கேன் ஸ்பீக் டச்!

1853-ம் வருஷம், ஜூலை 8. எடோ வளைகுடாவின் வாசலில் உராகா என்று ஒரு சின்ன ஊர். (எடோதான் பின்னாளில் டோக்கியோ ஆனது.) நாலு அமெரிக்கப் போர்க்கப்பல்கள் வந்து நங்கூரம் போடுகின்றன. அதில் ரெண்டு கப்பல் புகை கக்குகிறது. கரையில் இருப்பவர்கள் அந்த மாதிரி ஒன்றைப் பார்த்ததே இல்லை. ஜப்பான் அதற்கு முன் இருநூறு வருஷத்துக்கும் மேலாகக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்த தேசம். காவல் படகுகள் கப்பலைச் சூழ்ந்துகொள்கின்றன. ஒரு படகிலிருந்து ஹோரி தட்சுனோசுகே என்ற மொழிபெயர்ப்பாளர் மேலே பார்த்து உரக்கக் கத்துகிறார், சுத்தமான ஆங்கிலத்தில்:

"ஐ கேன் ஸ்பீக் டச்!"

எனக்கு டச்சு தெரியும் என்பதை ஆங்கிலத்தில் சொன்ன அந்த மனிதரைத்தான் ஜப்பானுடைய ஆங்கிலக் கதைக்கு ஹீரோவாகப் போடணும் என்பது என் கட்சி. கொமடோர் பெர்ரியின் கப்பலில் டச்சு தெரிந்த ஒருத்தர் இருந்தார். அவரைக் கூப்பிட்டு, மீதிப் பேச்செல்லாம் டச்சில் நடந்தது. அடுத்த வருஷம் ஒப்பந்தம் போட்டபோதும் பேச்சுவார்த்தைக்கு டச்சும் சீனமும்தான் கைகொடுத்தன.

ஐ.டி.யில் இருக்கிற மக்களுக்கு ஜப்பான் ப்ராஜெக்ட் என்றால் என்னவென்று தெரியும். 'ப்ரிட்ஜ் எஞ்சினியர்' என்று ஒரு பதவியே உண்டு. அந்தப் பக்கம் ஜப்பானிய மொழி, இந்தப் பக்கம் ஆங்கிலம், நடுவில் பாலமாக ஒரு ஆள். "ஜப்பான்காரனுக்கு இங்கிலீஷ் மட்டும் ஏறவே ஏறாதுப்பா" என்பது டீ டைமில் வழக்கமாக அடிபடும் டயலாக். 2024-ல் வந்த ஒரு சர்வதேச ஆங்கிலத் திறன் பட்டியலில் 116 இடங்களில் ஜப்பானுக்கு 92-வது இடம். புல்லட் ரயில் விட்டவனுக்கு, கேமராவும் காரும் பண்ணி உலகத்துக்கே விற்றவனுக்கு, இது மட்டும் ஏன் வரவில்லை?

சோம்பேறித்தனம், கூச்சம், 'எல்' சத்தம் வராத நாக்கு என்று ஆளாளுக்குக் காரணம் சொல்வார்கள். கொஞ்ச நாளாக இந்த வரலாற்றை நோண்டிக்கொண்டிருந்ததில் எனக்குத் தோன்றுவது வேறு. அவர்கள் முயற்சி செய்து தோற்ற கதை இது என்று சொன்னால் பாதிதான் உண்மை. மீதிப் பாதி, வேறு ஒரு காரியத்தில் ஜெயித்ததற்குக் கொடுத்த விலை. கொஞ்சம் பின்னால் போய் ஆரம்பிக்கிறேன்.

கதவு சாத்தியிருந்த காலத்தில் ஜப்பானோடு வியாபாரம் செய்ய அனுமதி இருந்த ஒரே ஐரோப்பியர்கள் டச்சுக்காரர்கள். அவர்களையும் நாகசாகியில் தெஜிமா என்ற செயற்கைத் தீவுக்குள் அடைத்து வைத்திருந்தார்கள். அவர்களோடு பேசுவதற்கென்றே பரம்பரை பரம்பரையாக சில குடும்பங்கள். அப்பா மொழிபெயர்ப்பாளர் என்றால் மகனும் மொழிபெயர்ப்பாளர். ஆங்கிலம் யாருக்கும் தேவைப்படவில்லை.

1808 அக்டோபரில் டச்சுக் கொடி பறக்க ஒரு கப்பல் நாகசாகிக்கு வந்தது. நம்ம கப்பல்தான் என்று டச்சுக்காரர்கள் வரவேற்கப் போனால், ரெண்டு பேரைப் பிணைக்கைதியாகப் பிடித்துக்கொண்டு கொடியை இறக்கிவிட்டு பிரிட்டிஷ் கொடியை ஏற்றினார்கள். கப்பல் பெயர் ஃபேட்டன். ஐரோப்பாவில் நெப்போலியன் சண்டை ஓடிக்கொண்டிருந்தது, டச்சுக் கப்பல்களை வேட்டையாட வந்தவர்கள் இவர்கள். கேப்டன் ஃப்ளீட்வுட் பெல்யூவுக்கு அப்போது இருபது வயதுகூட நிரம்பவில்லை! தண்ணீரும் சாப்பாடும் கொடுக்காவிட்டால் துறைமுகத்தைக் கொளுத்துவேன் என்று மிரட்டினார் அந்தப் பையன். காவலுக்கு இருக்கவேண்டிய படையில் பெரும்பகுதி ஊருக்குப் போயிருந்தது. வேறு வழியில்லாமல் கேட்டதைக் கொடுத்து அனுப்பினார்கள். அந்த அவமானத்துக்குப் பொறுப்பேற்று நாகசாகியின் ஆளுநர் மட்சுதைரா யசுஹிடே வயிற்றைக் கிழித்துக்கொண்டு செத்தார்.

மறு வருஷமே டச்சு மொழிபெயர்ப்பாளர்களுக்கு உத்தரவு வந்தது: ஆங்கிலம் கற்றுக்கொள். யாரிடம் கற்பது? தெஜிமாவில் ப்ளோம்ஹோஃப் என்று ஒரு டச்சுக்காரர், கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்தவர். அவர்தான் வாத்தியார். 1814-ல் சுமார் 6,000 சொற்களோடு ஜப்பானின் முதல் ஆங்கில அகராதி கையெழுத்துப் பிரதியாகத் தயாரானது. அதில் எழுதியிருந்த உச்சரிப்பில் டச்சு வாடை தூக்கல். சாம்பார் செய்முறையை பஞ்சாபிக்காரரிடம் கேட்டு எழுதிக்கொண்ட மாதிரி.

ஆக ஜப்பானில் ஆங்கிலப் படிப்பு தொடங்கியதே ஒரு பாதுகாப்பு நடவடிக்கையாக. எதிரி என்ன சொல்கிறான் என்று தெரிந்துகொள்ள. வாசித்துப் புரிந்தால் போதும், வாய் திறந்து பேச எதிரே ஆள் கிடையாது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட முதல் வாத்தியார் வந்த கதை சினிமா தோற்றுவிடும். ரனால்ட் மெக்டொனால்ட் (பர்கர் கடை ஜோக்கெல்லாம் இப்போதே அடித்து முடித்துக்கொள்ளுங்கள்). வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் ஸ்காட்லாந்து அப்பாவுக்கும் சினூக் பழங்குடித் தலைவரின் மகளுக்கும் பிறந்தவர். திமிங்கில வேட்டைக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்து, ஜப்பான் பக்கம் வந்ததும் ஒரு சின்னப் படகைக் கேட்டு வாங்கிக்கொண்டு தனியாக இறங்கிவிட்டார். கப்பல் உடைந்து ஒதுங்கியவன் மாதிரி நடித்து 1848-ல் வடகோடியில் ரிஷிரி தீவில் கரையேறினார். அத்துமீறி நுழைந்தால் தலை போகும் என்று தெரிந்தே வந்தவர். வயசு 24. பிடித்து நாகசாகிக்குக் கொண்டுபோய் ஒரு கோயில் வளாகத்தில் கம்பி போட்ட அறைக்குள் வைத்தார்கள். அந்தக் கம்பிக்கு இந்தப் பக்கம் 14 மொழிபெயர்ப்பாளர்கள் உட்கார, ஏழு மாதம் போல வகுப்பு நடந்தது. ஒவ்வொருத்தராக ஆங்கிலம் வாசிப்பார்கள், இவர் உச்சரிப்பைத் திருத்துவார். 'எல்' சத்தம் அவர்களுக்கு வரவில்லை என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். அந்த மாணவர்களில் ஒருவரான மொரியாமா எய்னோசுகேதான் 1854-ல் பெர்ரியோடு நடந்த பேச்சுவார்த்தையில் தலைமை மொழிபெயர்ப்பாளர்.

நிஜமாகவே சரளமாக ஆங்கிலம் பேசிய ஒரு ஜப்பானியரும் அப்போது இருந்தார். நகஹாமா மஞ்சிரோ. மீனவப் பையன். 1841-ல் 14 வயதில் புயலில் சிக்கி, அமெரிக்கக் கப்பல் ஒன்றால் காப்பாற்றப்பட்டு, மாசசூசெட்ஸில் பள்ளிக்கூடம் போய், 1851-ல் ஊர் திரும்பியவர். பெர்ரி வந்தபோது அவரை அரசாங்கம் பக்கத்திலேயே விடவில்லை. அமெரிக்காக்காரனுக்குச் சாதகமாகப் பேசிவிடுவானோ என்று சந்தேகம்! மொழி நன்றாகத் தெரிந்தவன்மேல் நம்பிக்கை கிடையாது, நம்பிக்கையானவனுக்கு மொழி தெரியாது. நம்ம ஹோரியும் இதில் மாட்டினார். வெளிநாட்டு வியாபாரி ஒருவரின் கடிதத்தைக் கையாண்ட விவகாரத்தில் சில வருஷம் சிறையில் கிடந்தார். வெளியே வந்து 1862-ல் அச்சில் ஒரு ஆங்கில-ஜப்பானிய அகராதி கொண்டுவந்தார். முதலில் அடித்தது வெறும் 200 பிரதி.

துறைமுகங்கள் திறந்த 1859-ல் ஃபுகுசாவா யுகிச்சி என்ற இளைஞர் எடோவிலிருந்து யோகஹாமாவுக்கு நடந்தே போனார். (1984-லிருந்து 2024 வரை பத்தாயிரம் யென் நோட்டில் இருந்த தாத்தா இவர்தான்.) வருஷக்கணக்காக உயிரைக் கொடுத்து டச்சு படித்தவர். அங்கே போய்ப் பார்த்தால் கடைப் பலகை புரியவில்லை, புட்டியில் ஒட்டிய லேபிள் புரியவில்லை. எல்லாம் ஆங்கிலம். படித்ததெல்லாம் வீண் என்று சோர்ந்துபோய்த் திரும்பியவர், மறுநாளே ஆங்கிலத்துக்கு மாறினார். கோபால் கத்துக்கிட்டு வேலை தேடப் போன இடத்தில் ஜாவாதான் வேணும் என்று சொன்ன மாதிரி ஒரு நிலைமை. அடுத்த வருஷமே அமெரிக்கா போன கப்பலில் ஏறிவிட்டார்.

இனிமேல்தான் எனக்கு முக்கியமாகப் படுகிற பகுதி.

1868-க்குப் பிறகு மெய்ஜி அரசாங்கம் ஒரே மூச்சில் நாட்டை மாற்றக் கிளம்பியது. வெளிநாட்டு நிபுணர்களைக் கொட்டிக்கொடுத்து வரவழைத்தார்கள், சிலருக்குச் சம்பளம் அமைச்சர்களுக்கு மேல். 1877-ல் தொடங்கிய டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான், மருத்துவம் ஜெர்மனில். அப்படியென்றால் மொத்தமாக ஆங்கிலத்துக்கே மாறிவிட்டால் என்ன?

கேட்டவர் மோரி அரினோரி. வாஷிங்டனில் ஜப்பானின் தூதர், வயது இருபத்து நாலு. 1872-ல் யேல் பல்கலைக்கழக மொழியியல் பேராசிரியர் விட்னிக்கு ஒரு கடிதம் எழுதினார். ஜப்பானிய மொழியை வைத்துக்கொண்டு நவீன உலகத்தில் பிழைக்க முடியாது, அதனால் ஆங்கிலத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறோம், ஆனால் ஸ்பெல்லிங்கும் வினைச்சொற்களும் தாறுமாறாக இருக்கின்றன, அவற்றைச் சீராக்கி ஒரு எளிய ஆங்கிலமாகத் தரலாமா என்று யோசனை. 'ஸ்பீக்'குக்கு 'ஸ்போக்' எதற்கு, 'ஸ்பீக்ட்' என்றே இருக்கட்டுமே என்கிற ரகம். ஆங்கிலத்தையே ரீஃபேக்டர் பண்ணச் சொன்ன ஒரே தூதர் இவராகத்தான் இருக்கும் :-)

விட்னி இதற்குத் தலையாட்டவில்லை. ஆங்கிலத்தில் கை வைத்தால் ஆங்கிலம் பேசுகிற உலகத்திடமிருந்தே விலகிப் போவீர்கள், மக்களுக்கான படிப்பு அவர்கள் தாய்மொழி வழியாகத்தான் வரணும் என்றார். ஆனால் அதைவிட உறைப்பான பதில் லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த 23 வயது மாணவரிடமிருந்து வந்தது. பாபா தட்சுயி. 1873-ல் ஜப்பானிய மொழிக்கு ஆங்கிலத்தில் ஒரு இலக்கணப் புத்தகம் போட்டு, அதன் முன்னுரையில் மோரியைப் பிடிபிடி என்று பிடித்தார். அவர் வாதம் இதுதான். இன்னொரு மொழியைக் கரைத்துக் குடிக்க நேரம் வேண்டும், நேரம் பணக்காரனிடம்தான் இருக்கிறது. உழைக்கிறவனுக்கு அன்றாடப் பாட்டைப் பார்க்கவே பொழுது சரியாகிவிடும். நாட்டு நடப்பெல்லாம் ஆங்கிலத்தில் ஓடினால் ஏழை ஜனங்கள் அதற்கு வெளியே நிற்பார்கள். மேல்தட்டும் கீழ்த்தட்டும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளாத ரெண்டு தனி உலகமாகிவிடும்.

இதற்கு அவர் காட்டிய உதாரணம் எது தெரியுமா? இந்தியா. இந்தக் கேடுகளில் சிலவற்றை இந்தியாவில் இப்போதே பார்க்கலாம் என்று 1873-ல் எழுதியிருக்கிறார் மனுஷன்! படித்ததும் கொஞ்ச நேரம் ஸ்க்ரீனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட் ஆஃப் மார்க் நிறைய வாங்கி எஞ்சினியரிங் சேர்ந்த தமிழ் மீடியம் பசங்க முதல் செமஸ்டரில் வாய் மூடிப்போவதைப் பக்கத்து பெஞ்சில் இருந்து பார்க்காதவர்கள் நம்மில் யார்? (பாபாவைப் பற்றி ஒரு வேடிக்கை: ஜப்பானிய மொழிக்காக இவ்வளவு மல்லுக்கட்டியவர் தன் டைரியை ஆங்கிலத்தில்தான் எழுதினார். 1888-ல் அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவில் காலமானார்.)

கடைசியில் நடந்தது பாபா சொன்ன வழிதான். அதைச் சாத்தியமாக்கியவர்கள் மொழிபெயர்ப்பாளர்கள். நிஷி அமானே போன்றவர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு மேற்கத்திய கருத்துக்கும் சீன எழுத்துகளை வைத்துப் புதுச் சொல் கட்டினார்கள். தத்துவத்துக்கு 'தெட்சுகாகு' என்ற சொல் அவர் கட்டியது. அறிவியல், சமூகம், உரிமை, பொருளாதாரம் என்று நவீன வாழ்க்கைக்கு வேண்டிய சொற்களெல்லாம் அந்தச் சில பத்தாண்டுகளில் ஜப்பானிய மொழியில் நிலைத்துவிட்டன. அதில் நிறையச் சொற்களைச் சீனாவே பின்னர் திருப்பி வாங்கிக்கொண்டது. ஃபுகுசாவாவின் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலப் புத்தகம் படித்த தலைமுறை, அதை ஜப்பானிய மொழியில் அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்தது. 1880-களிலிருந்து பல்கலைக்கழகத்திலும் வெளிநாட்டு வாத்தியார்கள் போய் உள்ளூர் வாத்தியார்கள் வர, பாடமும் ஜப்பானிய மொழிக்கு மாறியது. மோரி என்ன ஆனார்? 1885-ல் நாட்டின் முதல் கல்வி அமைச்சர் ஆனார். 1889-ல் அரசியல் சட்டம் அறிவித்த அன்று ஒரு தீவிர தேசியவாதி கத்தியால் குத்த, மறுநாள் இறந்தார்.

அதோடு தொடங்கியது புலம்பல். "இந்தக் காலத்துப் பசங்களுக்கு இங்கிலீஷே தெரியலை!" 1911-ல் நாவலாசிரியர் நட்சுமே சோசெகியிடம் இதைப் பற்றிக் கேட்டார்கள். லண்டனில் ரெண்டு வருஷம் படித்து, டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் நடத்தியவர். அவர் பதில் எனக்கு ரொம்பப் பிடித்தது. நாங்கள் படித்த காலத்தில் பூகோளம், சரித்திரம், கணக்கு, தாவரவியல் எல்லாமே ஆங்கிலப் புத்தகத்தில்தான், அதனால் ஆங்கிலம் தானாக வந்தது. இப்போது எல்லாம் ஜப்பானிய மொழியில் இருக்கிறது, ஆங்கிலத்துக்கு வாரத்தில் சில மணி நேரம்தான், குறையத்தான் செய்யும். நம் கல்வி ஒழுங்காக வளர்ந்ததன் விளைவு அது என்றார். அதோடு நிறுத்தவில்லை. எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் படித்த அந்தப் பழைய முறை ஒரு தேசத்துக்கு ஒரு வகையில் அவமானம், பிரிட்டனுக்கு அடிமையான இந்தியா மாதிரி ஒரு உணர்வைத் தருகிறது என்றும் சொன்னார்.

மறுபடியும் நாம்தான் உதாரணம். ரெண்டு பேர், நாற்பது வருஷ இடைவெளியில், 'இப்படி ஆகிவிடக் கூடாது' என்று கை நீட்டிய இடம் நம்ம வீடு. கோபப்படலாம், தப்பில்லை. ஆனால் மெக்கானிக்கலும் சிவிலும் தமிழில் படிக்கலாம் என்று அண்ணா பல்கலைக்கழகம் வகுப்பு திறக்க நமக்கு 2010 ஆகிவிட்டது என்பதையும் சேர்த்து யோசிக்கணும்.

ஆக, தேவை போய்விட்டது. ஆனால் பாடம் போகவில்லை. இங்கேதான் சிக்கலே.

தேவை இல்லாத ஒரு பாடத்தை எதற்குப் பயன்படுத்துவார்கள்? வடிகட்டத்தான். உயர்பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போட்டி கூடக் கூட, நுழைவுத் தேர்வில் ஆங்கிலம் பெரிய சல்லடை ஆனது. 'ஜுக்கேன் எய்கோ' என்றே அதற்குப் பெயர், தேர்வு ஆங்கிலம். 1935-ல் அகாவோ யோஷியோ என்பவர் போட்ட குட்டிச் சொற்தொகுப்பு 'மாமே-தான்' என்ற செல்லப்பெயரோடு பல தலைமுறை மாணவர்களின் சட்டைப் பையில் இருந்தது.

சொல்லிக்கொடுத்த முறை 'யகுதோகு', அதாவது மொழிபெயர்த்து வாசித்தல். இதன் வேர் ஆங்கிலத்தில் இல்லை, சீனத்தில் இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கும் மேலாக ஜப்பானியர்கள் சீன நூல்களைப் படித்த விதம் விசேஷமானது. சீன வாக்கியத்தின் பக்கத்தில் குட்டிக் குட்டிக் குறிகள் போட்டு, எந்தச் சொல்லுக்குப் பின் எதைப் படிக்கணும் என்று காட்டி, ஜப்பானிய வரிசையில் ஜப்பானிய மொழியாகவே வாசித்துவிடுவார்கள். சீனம் ஒரு வார்த்தை பேசத் தெரியாமல் சீன இலக்கியத்தைக் கரைத்துக் குடிக்கலாம். ஆங்கிலம் வந்ததும் அதே வித்தையை அப்படியே எடுத்துப் போட்டார்கள். 'ஐ ஹேவ் எ புக்' என்பதில் ஐ-க்கு 1, எ-க்கு 2, புக்குக்கு 3, ஹேவுக்கு 4. நம்பர் வரிசையில் படித்தால் ஜப்பானிய வாக்கியம் ரெடி.

ஒரு நிமிஷம் நிறுத்தி அந்த வரிசையைப் பாருங்கள். நான், ஒரு, புத்தகம், வைத்திருக்கிறேன். தமிழும் அதே வரிசை! வினைச்சொல் கடைசியில் வருகிற மொழிக்காரனுக்கு ஆங்கிலம் வராது என்றால் நமக்கும் வந்திருக்கக் கூடாது. இலக்கண தூரம் மட்டுமே காரணம் என்று சொல்பவர்களை இந்த ஒரு விஷயத்தை வைத்தே மடக்கலாம். நமக்கு ஆங்கிலம் ஆபீஸ் மொழி, கோர்ட் மொழி, பக்கத்து மாநிலத்துக்காரனோடு பேசுகிற மொழி. அவர்களுக்கு அது கேள்வித்தாளில் மட்டும் உயிரோடு இருக்கிற மொழி.

மாற்றிப் பார்க்காமல் இல்லை. 1922-ல் ஹெரால்ட் பாமர் என்ற ஆங்கிலேய நிபுணரைக் கல்வி அமைச்சின் ஆலோசகராக வரவழைத்தார்கள். முதலில் காது, பிறகு வாய், எழுத்து அப்புறம் என்பது அவர் கொள்கை. மறு வருஷமே ஒரு ஆய்வு நிறுவனம் தொடங்கி 1936 வரை ஜப்பானிலேயே இருந்து பாடுபட்டார். சில பள்ளிகள் மாறின. தேர்வுத்தாள் மாறவில்லை, அதனால் பெரும்பாலான வகுப்பறைகளும் மாறவில்லை.

ஆனால் அந்த முயற்சியின் பலனை நீங்களும் நானும் அனுபவித்திருக்கிறோம். பாமரின் வட்டத்தில் ஏ.எஸ். ஹார்ன்பி என்று ஒருவர், 1924-ல் ஒயிட்டா என்ற ஊருக்கு வாத்தியாராக வந்தவர். ஜப்பானிய மாணவர்கள் எங்கெங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து, எந்தச் சொல்லை எண்ணலாம், எதை எண்ணக் கூடாது, எந்த வினைக்குப் பின் என்ன வரும் என்றெல்லாம் குறித்து நண்பர்கள் ரெண்டு பேரோடு ஒரு அகராதி தயாரித்தார். அது அச்சானது 1942-ல், டோக்கியோவில், பிரிட்டனோடு யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போது! போருக்குப் பின் ஆக்ஸ்ஃபோர்டு அதை 1948-ல் வெளியிட்டது. காலேஜில் சேரும்போது அப்பா வாங்கிக்கொடுத்த அந்த குண்டு ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி இருக்கிறதே, அதேதான். 'இன்ஃபர்மேஷன்ஸ்' என்று எழுதக் கூடாது என்று நமக்குச் சொன்ன புத்தகம் ஜப்பானிய வகுப்பறையில் பிறந்தது.

யுத்த காலத்தில் ஆங்கிலம் எதிரி மொழி. பேஸ்பாலில் 'ஸ்ட்ரைக்' சொல்லக் கூடாது, 'யோஷி' என்று சொல்லணும். பெண்கள் பள்ளிகளில் ஆங்கிலத்தைக் குறைத்தார்கள். ஆனால் கடற்படைக் கல்லூரியில் தலைவராக இருந்த அட்மிரல் இனோவே ஷிகேயோஷி மட்டும் ஆங்கிலத்தை எடுக்க முடியாது என்று நின்றார். தாய்மொழி ஒன்று மட்டுமே தெரிந்த கடற்படை அதிகாரியை வைத்துக்கொண்டு என்ன செய்ய என்பது அவர் கேள்வி. தோல்விக்குப் பிறகு யோகோசுகா பக்கத்தில் கடலோர வீட்டில் ஒதுங்கி, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக் காலம் கழித்தார். இவரைப் பற்றித் தனியாக ஒரு பதிவே போடலாம்.

1945 ஆகஸ்ட் 15. பேரரசர் ரேடியோவில் சரணடைவை அறிவிக்கிறார். நாடே அழுகிறது. ஒகாவா கிகுமட்சு என்ற பதிப்பாளருக்கு மட்டும் ஒரு யோசனை பளிச்சென்று வருகிறது: இனி எல்லோருக்கும் ஆங்கிலம் வேணுமே! அக்டோபர் மாத ஆரம்பத்தில் 32 பக்கத்தில் ஒரு ஜப்பானிய-அமெரிக்க உரையாடல் கையேடு கடைக்கு வந்தது. 36 லட்சம் பிரதி விற்றது. பட்டினியும் இடிபாடுமாக இருந்த ஊரில்! அந்தச் சாதனையை 1981 வரை எந்தப் புத்தகமும் முறியடிக்கவில்லை. முறியடித்தது நம்மில் பலர் தமிழில் படித்திருக்கிற டோட்டோ-சான். 1946 பிப்ரவரியில் ஹிராகவா தடாயிச்சி ரேடியோவில் தொடங்கிய பேச்சு ஆங்கில நிகழ்ச்சியும் சக்கைப்போடு போட்டது, குழந்தைப் பாட்டு மெட்டில் ஒரு டைட்டில் பாட்டோடு. ஊர் ஊருக்கு ரசிகர் மன்றம்.

ஆக தேவை வந்தால் ஆசையும் வருகிறது. அமெரிக்கப் படை 1952-ல் ஆட்சியை ஒப்படைத்தது, அன்றாடத் தேவையும் போனது. பழையபடி சல்லடை. இதில் ஒரு கூத்து, ஜூனியர் ஹைஸ்கூலில் அந்நிய மொழி என்பது 2002 வரை சட்டப்படி விருப்பப் பாடம்தான். விருப்பப்பட்டால் படிக்கலாம். விருப்பப்படாமல் இருக்க யாருக்கும் தைரியம் இல்லை.

1974-ல் ஹிராயிசுமி வட்டாரு என்ற ஆளுங்கட்சி எம்.பி. போட்டு உடைத்தார். இத்தனை வருஷம் எல்லோரும் படித்தும் பலன் இல்லை, ஏனென்றால் எல்லோருக்கும் அது தேவையில்லை. நுழைவுத் தேர்விலிருந்து ஆங்கிலத்தை எடுத்துவிடலாம், மக்கள்தொகையில் சுமார் 5 சதவீதம் பேர் விரும்பி, தீவிரமாக, நிஜமாகவே பேசுகிற அளவுக்குப் படித்தால் போதும். இதை எதிர்த்தவர் வட்டனபே ஷோயிச்சி, ஆங்கிலப் பேராசிரியர். மொழிபெயர்த்துப் படிப்பதே மூளைக்குப் பயிற்சி, சொந்த மொழியையும் அதுதான் ஆழமாக்கும், பேச்சுத் திறமையை வைத்து மட்டும் அளக்காதே என்றார். பத்திரிகையில் மாதக்கணக்காக அனல் பறந்தது. எனக்கு ரெண்டு பேர் சொல்வதிலும் நியாயம் தெரிகிறது. ஹிராயிசுமியிடம் கேட்க ஒரு கேள்வி மட்டும் பாக்கி: அந்த 5 சதவீதம் யார் வீட்டுப் பிள்ளைகளாக இருக்கும்? பாபாவும் அதைத்தான் கேட்டிருப்பார்.

அதற்கப்புறம் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1979-ல் ஜப்பான்காரர்கள் கேட்டுக்கொண்டதால் அமெரிக்க நிறுவனம் தயாரித்த டோயிக் தேர்வு வந்தது. 1987-ல் ஜெட் என்ற திட்டத்தில் 848 வெளிநாட்டு இளைஞர்கள் பள்ளிக்கூடங்களுக்கும் உள்ளூராட்சி அலுவலகங்களுக்கும் வந்தார்கள். தெருவுக்குத் தெரு பேச்சு ஆங்கில வகுப்புகள் முளைத்தன. அதில் மிகப் பெரியதான நோவா 2007-ல் திவாலாகி, முன்பணம் கட்டிய மாணவர்களும் சம்பளம் வராத வெளிநாட்டு வாத்தியார்களும் நடுத்தெருவில் நின்றார்கள். 2000-ல் பிரதமரின் ஆலோசனைக் குழு ஒன்று ஆங்கிலத்தை ரெண்டாவது ஆட்சிமொழி ஆக்கலாமா என்று விவாதிக்கச் சொன்னது. மோரியின் ஆவி!

2008 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் மசுகாவா தொஷிஹிடே இயற்பியலுக்கான நோபல் உரை ஆற்ற மேடையேறினார். ஆங்கிலம் பேச வராது, மன்னிக்கணும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. மீதி முழுக்க ஜப்பானிய மொழியில். பாஸ்போர்ட் எடுத்ததே அந்தப் பயணத்துக்காகத்தான். அவரும் கோபயாஷியும் 1973-ல் எழுதிய கட்டுரை ஆங்கிலத்தில் வந்ததுதான், ஆனால் அந்த இயற்பியலைக் கற்றதும், நண்பர்களோடு சண்டை போட்டு விவாதித்ததும் ஜப்பானிய மொழியில். நம் ஊரில் எம்.எஸ்சி. சேரும்போதே இவரை ஓரமாக உட்கார வைத்திருப்போமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அந்த முதல் வரி, 1853-ல் ஹோரி கத்தினதற்கு தம்பி மாதிரி இல்லை?

பாபாவின் பயம் இதோடு அடங்கிவிடவில்லை. ஆங்கிலம் பேசவும் எழுதவும் வரணும் என்று சொல்லி, 2020 கல்வியாண்டில் நடக்கவிருந்த புதிய பொது நுழைவுத் தேர்வில் தனியார் ஆங்கிலத் தேர்வுகளின் மதிப்பெண்ணைச் சேர்ப்பதாக அரசாங்கம் திட்டமிட்டது. கட்டணம் மாணவன் பையிலிருந்து. தேர்வு மையமோ நகரத்தில். தீவுகளிலும் மலைக் கிராமங்களிலும் இருக்கிற பிள்ளைகள் ரயில் பிடித்து, ராத்தங்கி எழுதிவிட்டு வரணும். காசு இருக்கிறவன் முன்னாடியே நாலு தடவை எழுதிப் பழகலாம். 2019 அக்டோபரில் டிவி நிகழ்ச்சியில் இதைக் கேட்டபோது கல்வி அமைச்சர் ஹகியுடா, அவரவர் 'மி நோ தாகே'க்குத் தகுந்தபடி முயற்சி செய்யட்டுமே என்றார். அவரவர் நிலைமைக்கு ஏற்றபடி, வரவு எட்டணா என்றால் அதற்குத் தகுந்த மாதிரி என்று அர்த்தம் வரும். மாணவர்கள் கொதித்தார்கள். நவம்பர் 1-ம் தேதி, பதிவு தொடங்க வேண்டிய அதே நாளில், அமைச்சரே வந்து திட்டத்தை ஒத்திவைப்பதாக அறிவித்தார். 2021-ல் மொத்தமாகவே கைவிட்டார்கள்.

அந்த வருஷம் ஜனவரியில் நடந்த புதிய பொதுத் தேர்வில் வாசிப்புக்கு 100 மார்க், கேட்டலுக்கு 100 மார்க். பேச்சுக்கு இல்லை. மறு வருஷம் நவம்பரில் டோக்கியோ மாநகர அரசு மட்டும் ஜூனியர் ஹைஸ்கூல் முடிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு பேச்சுத் தேர்வு தொடங்கி, அரசு ஹைஸ்கூல் சேர்க்கைக்கு அந்த மார்க்கைச் சேர்த்தது. அதற்கும் பெற்றோர்கள் பக்கத்திலிருந்து எதிர்ப்பு வந்தது. இதற்கிடையில் 2020 முதல் ஐந்தாம் வகுப்பிலேயே ஆங்கிலம் முறையான பாடம். அந்தப் பிள்ளைகள் காலேஜ் வாசலுக்கு வரும்போது சல்லடை எப்படி இருக்கும் என்று பார்க்கணும்.